காக்ஸ் டவுன் புறச்சந்தில் நாங்கள் செய்தது

பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதியில் வசித்தவர்களுக்கு கன்சர்வென்சி சந்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு வரிசை வீடுகளின் புறக்கடைகளுக்கு நடுவே ஓடும் குறுகலான பாதை அது. எடுப்புக் கழிப்பறைகள் இருந்த காலத்தில், மலம் அள்ளும் தொழிலாளர்கள் முன்வாசல் பக்கம் வராமலேயே வந்து போவதற்காக விடப்பட்டது. 1898-இல் பிளேக் நோய் இந்நகரை உலுக்கிய பிறகு, நெரிசல் இல்லாத, காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டபோது இத்தகைய சந்துகளும் வரைபடத்தில் இடம்பெற்றன. பாதாளச் சாக்கடை வந்ததும் அவற்றின் வேலை முடிந்துவிட்டது. இடம் மட்டும் பொதுச்சொத்தாகவே நின்றது. எந்த வாசலும் பார்க்காத இடம் என்பதால் குப்பை போடுவதற்குத் தோதாகவும் ஆயிற்று.

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தின் முனை, நான் இங்கே குடிவந்த நாளிலிருந்தே, பெங்களூரில் எல்லோரும் பிளாக் ஸ்பாட் என்று சொல்கிற இடமாக இருந்தது. காலையில் அள்ளிச் சென்றாலும் மாலைக்குள் மறுபடி சேர்ந்துவிடும். இளநீர் மட்டை, கோழி இறகு அடைத்த கறுப்புப் பை, பஞ்சு பிதுங்கிய மெத்தை, வீடு இடித்த செங்கல் தூள் என்று அடுக்கடுக்காகக் கிடக்கும். மழை பெய்தால் அத்தனையும் கால்வாயை அடைத்து, பின்வாசல் படி வரை கறுப்புத் தண்ணீர் ஏறும். இதற்கு முன்பும் சிலர் முயன்றிருந்தார்கள். சுவரில் சாமி படம் பதித்த ஓடுகளை ஒட்டினார்கள். ஒரு மார்கழியில் பெண்கள் சேர்ந்து அந்த முனையை அலம்பி, காவிக் கரை கட்டிப் பெரிய தாமரைக் கோலம் போட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் அந்தத் தாமரையின் நடுவிலேயே ஒரு பை கிழிந்து, மீன் செதிலும் முட்டை ஓடும் சிதறிக் கிடந்ததை நான் பார்த்தேன்.

2019-இன் தொடக்கத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த சில குடும்பங்கள் கூடிப் பேசியபோது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்ன யோசனையிலிருந்துதான் வேலை உண்மையில் தொடங்கியது. துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால், யார், எந்த நேரத்தில், எதைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று பார்ப்போம் என்றார் அவர். முறை வைத்துக்கொண்டு, மாடியிலிருந்தும் முனையில் உள்ள டீக்கடையிலிருந்தும் கவனித்து நோட்டில் குறித்தோம். யாரையும் படம் எடுக்கவில்லை, யாரையும் அதட்டவுமில்லை. குப்பை எங்கிருந்தோ வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த நோட்டு பல செய்திகளைச் சொன்னது. ஸ்கூட்டரில் பையைத் தொங்கவிட்டு வந்து, வண்டியை நிறுத்தாமலே வீசிச் செல்கிற வெளியாட்கள் இருந்தார்கள் என்றாலும், பெரும்பகுதி பக்கத்து வீடுகளிலிருந்தும், இரவு பத்து மணிக்கு மேல் மூடுகிற கடைகளிலிருந்துமே வந்தது. அதோடு, வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஆட்டோ டிப்பர்கள் அதை, குப்பையை அழுத்தி ஏற்றிச் செல்லும் பெரிய காம்பாக்டர் வண்டிக்கு மாற்றுகிற இடமும் எங்கள் முனையாகவே இருந்தது. சிந்தியது அங்கேயே தங்கியது. ஏற்கெனவே குப்பை கிடக்கும் இடத்தில் ஒரு பையைப் போட யாரும் கூசவில்லை.

காரணத்தை எங்களுக்குத் தெளிவாகச் சொன்னவர், அந்தத் தெருவைப் பல ஆண்டுகளாகப் பெருக்கி வந்த பௌரகார்மிகப் பெண்மணி, அதாவது மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "ஏழரைக்குத்தான் வண்டி வருது மேடம். வீட்டு வேலைக்குப் போறவங்க ஆறரைக்கே கிளம்பிடுறாங்க. பக்கெட்டை வெளியே வெச்சா நாய் இழுத்துப் போடுது, உள்ளே வெச்சா இருக்கிறதே ஒரே ரூமு. அவங்க எங்கதான் போடுவாங்க?" என்றார். "கரெக்ட்தான் அக்கா" என்பதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. காலாகாலமாகப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டப்பட்டவர்கள், சேவை தங்களை எட்டாததால் அப்படிச் செய்தவர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது வார்டு கமிட்டி, அதாவது வார்டின் குறைகளைக் குடியிருப்பவர்கள் மாநகராட்சியிடம் எடுத்துவைக்கிற குழு. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி இருக்க வேண்டும் என்பது 1992-இன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்த உரிமை. பெங்களூரில் மாதத்தின் முதல் சனிக்கிழமை அக்கூட்டம் நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2018-இன் இறுதியில்தான் வந்தது. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, கூட்டத்தில் உரக்கப் பேசுவதைவிட, நம் கோரிக்கை மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், ஏறுவதே முக்கியம் என்பதுதான். "குப்பையை அகற்றுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு லாரி வரும், அதோடு முடிந்துவிடும். நாங்கள் நோட்டை விரித்து வைத்து, டிப்பர் காலை ஆறு மணிக்கு முனையில் சிறிது நேரம் நிற்க வேண்டும், கடைகளுக்கு இரவு நேர வண்டி வேண்டும், காம்பாக்டருக்கு மாற்றும் இடம் நகர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை மட்டும் வைத்தோம். காலை வண்டி விரைவில் கிடைத்தது. மாற்றும் இடத்தை நகர்த்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது, ஏனென்றால் எந்தத் தெருவும் அதைத் தன் வாசலில் ஏற்றுக்கொள்ளாது. கடைசியில் வீடுகள் இல்லாத ஒரு மதிலோரம் ஒதுக்கப்பட்டது.

வண்டி வந்த பிறகே தரம்பிரிப்பைப் பற்றி வீடு வீடாகப் பேச எங்களுக்கு முகம் இருந்தது. ஈரக்குப்பைக்குப் பச்சை வாளி, டயாப்பர், நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்பு வாளி, உலர்குப்பைக்கு ஒரு பை என்ற முறையை உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரிலேயே இந்நகருக்குக் கட்டாயமாக்கியிருந்தது. எங்கள் துண்டறிக்கை தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் அச்சாயிற்று. ஒரே வீட்டில் பல வாடகைதாரர்கள் இருக்கும் இடங்களில் வீட்டுக்காரரை முதலில் சம்மதிக்க வைத்து, மாடிப்படிக்குக் கீழே பொது வாளிகளை வைக்கச் செய்தோம்.

சந்துக்குள் நுழைந்தபோது எந்த வேலை யாருடையது என்று தெரிந்துகொள்ளவே நாள் பிடித்தது. மேன்ஹோல் பொங்கினால் குடிநீர் வடிகால் வாரியம், மழைநீர்க் கால்வாயும் தெருவிளக்கும் மாநகராட்சி, மின்கம்பம் மின்வழங்கல் நிறுவனம், அறுந்து தொங்கும் கேபிள் யாருடையது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஒரு விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதினால் அது மேசைக்கு மேசை நகரும். ஆகவே தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் புகார் எண் வாங்கினோம். விளக்குகள் எரியத் தொடங்கியதும் சந்தில் நடப்பவர்கள் கூடினார்கள், இரவில் குப்பை வீசுவது வெகுவாகக் குறைந்தது. சந்தின் சுவர்களில் ஓவியமும் வரைந்தோம். அதற்கு நாங்கள் செலவிட்ட உழைப்பைவிட இந்த விளக்குகள் அதிகப் பலன் தந்தன என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்குள் கடுமையான பிணக்கு வந்தது இரும்புக் கேட் விஷயத்தில். இடம் சுத்தமானதும், இருபுறமும் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்று முன்வரிசை வீட்டார் சிலர் கேட்டார்கள். சந்தை நோக்கிக் கட்டிய ஒற்றை அறைகளில் வாழ்பவர்களுக்கோ அதுதான் தலைவாசல். அங்கே ஒரு பாட்டி தன் கதவுக்கு வெளியே துவைகல்லும் துளசித் தொட்டியும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையாக இருக்கிறார். அவர் பேரன் பள்ளிக்குப் போக எங்களிடம் சாவி வாங்க வேண்டுமா என்று ஆசிரியர் கேட்ட பிறகும் விவாதம் ஓயவில்லை. பொதுவழியை அடைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எடுத்துச் சொல்லித்தான் அதை நிறுத்த முடிந்தது. இரண்டு குடும்பங்கள் அன்றிலிருந்து எங்களோடு சேர்வதில்லை. அவர்கள் விலகியது வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது முனையில் கருங்கல் பலகைகளும் ஒரு இலை உரத்தொட்டியும் இருக்கின்றன. கட்டட இடிபாட்டை இரவில் கொட்டிவிட்டுப் போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்துத் தெருவில் வேலை செய்கிற கட்டட மேஸ்திரிகளிடமே பேசி வருகிறோம். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்த பிறகு அதிகாரிகளும் எல்லைகளும் மாறிவிட்டதால், பழைய மினிட்ஸ் நகல்களையும் புகார் எண்களையும் ஒரு கோப்பில் சேர்த்து, புதிய அலுவலகத்தில் மறுபடி பதியக் கொடுத்திருக்கிறோம். காலை ஆறு மணி வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வதே அதில் முதல் கோரிக்கை.