சமோவாவின் அறுபடாத பச்சைக்குத்து மரபு

பசிபிக் பெருங்கடல் தீவுகளான பொலினீசியாவின் பச்சைக்குத்துக் கோலங்கள் இன்று உலகெங்கும் அலங்காரமாகப் பரவிவரும் நிலையில், அங்குள்ள சமோவாத் தீவுகளின் ‘பெயா’ என்ற பச்சைக்குத்து சுமக்கும் பொருளைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஆணின் உடலை நிறைக்கும் அந்தக் கோலத்தை, மரபாகப் பன்றித் தந்தத்தாலோ எலும்பாலோ செய்யப்பட்டுவந்த, சீப்பு போன்ற முனைகொண்ட கருவியைச் சிறு கோலால் தட்டித் தட்டி, தலைமுறைகளாக இக்கலையைக் காத்துவரும் குடும்பங்களின் ஆசான்கள் பல நாட்களில் பதிக்கிறார்கள். வலி தாங்காமல் பாதியில் எழுவது குடும்பத்துக்கே இழுக்கு. முடித்தவரோ குடும்பத்துக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் பணிசெய்யும் பொறுப்பை ஏற்றவராகிறார். 1830இல் வந்த கிறித்தவ மதபோதகர்கள் எதிர்த்தும் அங்கே இது அறுபடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், தடைகளால் மரபு மறைந்துபோன இன்னொரு பொலினீசியத் தீவான தஹித்தியில் 1980களில் மறுமலர்ச்சி தொடங்கியபோது, கைகொடுத்தவர்கள் சமோவாவின் ஆசான்களே.