முதல் அறிகுறி என்றைக்கு? கோவிட் வார்டுக் குறிப்புகள்

4 மே 2021, செவ்வாய்

கேஸ் ஷீட்டில் டெஸ்ட் எடுத்த தேதி கொட்டை எழுத்தில் இருக்கும். சிகிச்சைக்கு வேண்டியதோ முதல் அறிகுறி தொடங்கிய தேதி. "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுதுங்க ஐயா?" என்றால் "திங்கக்கிழம டெஸ்ட் எடுத்தோம் டாக்டர்" என்றுதான் பதில் வரும். "அதுக்கு முன்னாடி உடம்புவலி, தொண்டைக் கரகரப்பு?" என்று துருவ வேண்டும். "அது வியாழக்கிழமையே இருந்துச்சு. வெயில்ல அலைஞ்ச அலுப்புன்னு விட்டுட்டேன்." அப்படியானால் வியாழன்தான் முதல் நாள்.

2020 தொடக்கத்தில் வூஹானின் இரண்டு மருத்துவமனைகளில் 191 பேரை ஆராய்ந்தார்கள். மூச்சுத்திணறல் 7ஆம் நாளையொட்டி வந்தது. பிழைத்தவர்கள் வீடு திரும்பியது 22ஆம் நாள் வாக்கில். இரண்டுமே அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ணியவை. இங்கேயும் 7 முதல் 10ஆம் நாள் வரைதான் கண்டம்.

6 மே, வியாழன்

சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம், 84 இருக்கும். ஆள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது. ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ண வேண்டும். 24ஐத் தொட்டாலோ சாச்சுரேஷன் 93க்கு வந்தாலோ மிதமான நோய். மூச்சு 30ஐத் தாண்டினாலோ சாச்சுரேஷன் 90க்குக் கீழே போனாலோ தீவிரம்.

சாச்சுரேஷனைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் ஏமாற்றும். விரல் சில்லிட்டிருந்தால், மருதாணியோ நெயில்பாலிஷோ இருந்தால் எண் தவறலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும் வரை காத்திருந்து குறிக்கவும். உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டுபவரை ஆறு நிமிடம் நடக்கவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

9 மே, ஞாயிறு

கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசிமருந்துக்காக வெயிலில் வரிசை. ஒருவருக்கு 6 குப்பி: முதல் நாள் 200 மி.கி., அடுத்த நான்கு நாள் தினம் 100. அமெரிக்க ஆய்வொன்றில் குணமாகும் காலத்தை 15 நாளிலிருந்து 10 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்விலோ இறப்பும் குறையவில்லை, படுக்கை நாட்களும் குறையவில்லை. அறிகுறி தொடங்கிப் பத்து நாள் தாண்டியவருக்கு அதை வாங்கிவரச் சொல்லிக் குடும்பத்தை அலைக்கழிப்பது அநியாயம்.

உயிர் காப்பது மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன்: தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29 ஆனது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாளே, சாச்சுரேஷன் 98 இருக்கும்போதே, மருந்துக்கடையில் கேட்டு விழுங்கிவிட்டு வருகிறார்கள். வைரஸ் பெருகும் நேரத்தில் எதிர்ப்பாற்றலை அமுக்கினால் என்ன ஆகும்?

13 மே, வியாழன்

ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்ஸிஜன். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் எட்டு மணி நேரம்கூட வராது. மூக்குக் குழாய் வழியே வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோவில் நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்ஸிஜன் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. எனவே சாச்சுரேஷன் இலக்கு 92 முதல் 96. 99க்கு ஏற்றி வைப்பது வீண்.

பை மாஸ்க்கை 5 லிட்டரில் ஓட்டக் கூடாது. மூச்சிழுக்கையில் பை சப்பினால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். தாடி இருந்தால், அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் பைபாப் கருவியின் மாஸ்க் ஓரத்தில் கசியும், மழித்துவிடச் சொல்கிறோம்.

ஆக்ஸிஜன் ஏறக் குப்புறப் படுக்க வைக்கிறோம். அதற்கு நான்கைந்து தலையணை வேண்டும்: கழுத்தடியில் ஒன்று, மார்பு முதல் தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

பெரும்பாலும் ஆபத்து கழிவறைக்குப் போகும்போதுதான். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நடப்பவர் பாதியில் சரிந்துவிடுவார். படுக்கையருகே பெட்பேன் வைப்பதில் வெட்கம் எதற்கு?

21 மே, வெள்ளி

கருப்புப் பூஞ்சையை, கண்டால் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக நேற்று அரசு அறிவித்தது. ஸ்டீராய்டில் சர்க்கரை 300, 400 என்று ஏறும். முன்பு சர்க்கரையே இல்லாதவருக்கும் ஏறும். உணவுக்கு முன்னும் பின்னும் பார்த்து இன்சுலின் போடாமல் விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒருபக்கக் கன்னவலி, மரமரப்பு, மூக்கில் கருஞ்சளி, கண் வீக்கம், ஆடும் மேல்பல்: இதில் எது இருந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

29 மே, சனி

டிஸ்சார்ஜ் என்றதும் வீட்டார் கேட்பது "நெகட்டிவ் ரிப்போர்ட் எங்கே?" செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், அதற்காகப் படுக்கையை அடைத்துவைக்க முடியாது. நாங்கள் பார்ப்பது வேறு: காய்ச்சலில்லாத மூன்று நாள், ஆக்ஸிஜன் இல்லாமல் நிற்கும் சாச்சுரேஷன், வார்டுக்குள் நடந்த பிறகும் இறங்காத எண். ஆக்ஸிஜனை ஒன்றிரண்டு லிட்டராகத்தான் குறைக்கிறோம். பகலில் நிறுத்தியவருக்கும் அன்றிரவு ஒருமுறை பார்க்கிறோம். தூக்கத்தில் சிலருக்கு இறங்கும்.

வீட்டுக்குப் போகிறவரின் சீட்டில் மூன்று வரி: ஸ்டீராய்டு நிறுத்தும் தேதி, சர்க்கரை பார்க்க வரும் தேதி, சாச்சுரேஷன் எந்த எண்ணுக்குக் கீழே போனால் உடனே திரும்ப வேண்டும் என்பது.