முதல் ஸ்கெட்சை எந்தத் தளத்தில் போடுவது? சி.எஸ்.டபிள்யூ.ஏ. எழுதப் போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கணினியில் இயந்திரப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரைகிற சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் சி.எஸ்.டபிள்யூ.ஏ. (Certified SolidWorks Associate) சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை கமாண்ட் தெரிஞ்சிருக்கணும்?" என்பதுதான். கொஞ்சம் போதும். எக்ஸ்ட்ரூட் (தட்டையான ஸ்கெட்சைத் தடிமனாக நீட்டுவது), ரிவால்வ் (அதைச் சுழற்றி உருவாக்குவது), கட், ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்குவது), ஷெல் (உள்ளே குடைந்து சுவரை மட்டும் விடுவது), மிரர், பேட்டர்ன் ஆகியவற்றிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடும். தேர்வு சோதிப்பது வேறொன்றை: கட்டி முடித்த பாகத்தின் அளவை மாற்றினால் மாடல் தாங்குமா?

கேள்வி வருகிற விதமே அப்படி. டிராயிங்கில் சில அளவுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து போட்டு, மதிப்பு கொடுத்து, பாகத்தின் எடையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வியில் பாகம் அதேதான், மதிப்புகள் மட்டும் மாறியிருக்கும். அதனால் அவற்றை ஈக்வேஷன்ஸில் குளோபல் வேரியபிளாக (ஒரே இடத்தில் மாற்றினால் மாடல் முழுக்க மாறுகிற பெயரிட்ட மதிப்பாக) முதலிலேயே போட்டு வையுங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடைகள் கொடுத்திருப்பார்கள். உங்கள் எண் அதில் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பதைத் தட்டிவிட்டு நகராதீர்கள். மாடலில் எங்கோ தப்பு இருக்கிறது, அங்கேயே தேடிப் பிடியுங்கள். அடுத்ததற்கு எண்ணை நீங்களே அடிக்க வேண்டும், காட்டிக்கொடுக்க ஆளில்லை.

தேடுவதற்கு ஒரு தாள் போதும். 100 × 60 × 20 மி.மீ. எஃகுப் பட்டை என்றால் 120 கன செ.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். ஆக 942 கிராம். திரையில் 120 கிராம் என்று வந்தால் மெட்டீரியல் போடவே இல்லை. எதுவும் போடாதவரை சாலிட்வொர்க்ஸ் தண்ணீரின் அடர்த்தியைத்தான் எடுத்துக்கொள்ளும். துளைகளையும் வெட்டுகளையும் கழித்து உத்தேச எடையை முன்கூட்டியே போட்டுவிடுகிறவர்கள் தேர்வில் பதறுவதில்லை.

மாடல் ஏன் உடைகிறது? ஸ்கெட்சில் நீலக்கோடு மிச்சமிருந்தால் அது அளவுகளால் இன்னும் முழுதாகக் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். எல்லாம் கருப்பாகிற வரை வெளியே வராதீர்கள். ஃபில்லெட் போட்ட விளிம்பிலிருந்து அளவு எடுப்பது இன்னொரு வம்பு. ஃபில்லெட் மாறினால் அளவும் ஆடிப்போகும். ஆரிஜின் எனும் பூஜ்யப் புள்ளியிலிருந்தோ மையத் தளத்திலிருந்தோ எடுங்கள். இரு பக்கமும் ஒத்திருக்கிற பாகமா, முதல் ஸ்கெட்ச் நடுத்தளத்தில், எக்ஸ்ட்ரூட் மிட் பிளேனில் (இரு பக்கமும் சமமாக நீளும்).

ஃபில்லெட்டைக் கடைசியில் போடு என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். சரிதான், ஆனால் ஷெல் வந்தால் அந்த விதி செல்லாது. வெளிமூலையில் 5 மி.மீ. ஃபில்லெட் போட்டு, பிறகு 2 மி.மீ. ஷெல் செய்தால் உள்மூலை 3 மி.மீ. ஆரத்தோடு வரும், சுவர் எங்கும் ஒரே தடிமன். வரிசையை மாற்றிப் பாருங்கள்: உள்மூலை கூராகவே நிற்கும், அந்த மூலையில் சுவர் 0.76 மி.மீ.தான் மிஞ்சும். எடையும் மாறிவிடும்.

நம் பாலிடெக்னிக்குகளில் ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான் (மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும்) சொல்லித்தருகிறார்கள், அமெரிக்க டிராயிங்குகள் தேர்ட் ஆங்கிள் (மேல்தோற்றம் மேலேயே வரும்). ஓரத்திலுள்ள கூம்புச் சின்னத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பயிற்சிக்குப் பாகம் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பழைய வீட்டுப் பூட்டு, பித்தளைக் கீல் என்று ஏதாவது ஒன்றை வெர்னியரால் அளந்து குறித்து வாருங்கள். தேய்ந்த பொருளில் 11.7 என்று வருவது முதலில் 12 ஆக இருந்திருக்குமா என்று யோசிக்க வேண்டிவரும். அச்சடித்த டிராயிங் அந்த யோசனையைத் தராது. ஆத்தங்குடி தரை ஓட்டுக்குக் கலர் சிமெண்ட் ஊற்றுகிற உலோக அச்சும் அருமையான பயிற்சி. பூ வடிவத்தில் கால்பங்கை மட்டும் வரைந்து, இரண்டு முறை மிரர் செய்தால் முழு அச்சும் வந்துவிடும். முடித்ததை லேத், மில்லிங் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் யாரிடமாவது காட்டுங்கள். "இந்த மூலைக்குள்ள எந்தக் கட்டர்ப்பா போகும்?" என்பார். சுழல்கிற கட்டர் வட்டமானது, பள்ளத்தின் உள்மூலையைக் கூராக வெட்டாது. தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள், வேலைக்கான நேர்காணலில் கேட்பார்கள்.

வீட்டுக் கணினியில் சாலிட்வொர்க்ஸ் இல்லாதவர்கள் ஃப்ரீகேட் என்ற இதேபோன்ற மென்பொருளில் பழகலாம், காசு கிடையாது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில், முன்னால் போட்ட ஸ்கெட்சை மாற்றினால் பின்னால் உள்ளவை இடம்மாறித் தொங்குகிற தொல்லை நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் தேர்வு நெருங்கும்போது லேபில் சாலிட்வொர்க்ஸிலேயே கை பழக வேண்டும். மெனு தேடுகிற நேரத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

பல பாகங்களைக் கோக்கிற அசெம்பிளியில் எடை சரியாக வந்து, சென்டர் ஆஃப் மாஸ் (எடையின் மையப் புள்ளி) மட்டும் பொருந்தாமல் போகும். ஆரிஜின்தான் காரணம். முதல் பாகத்தைத் திரையில் எங்கோ கிளிக் செய்து வைக்காமல் பச்சை டிக்கை அழுத்துங்கள், அது ஆரிஜினில் உட்காரும். கேள்வி வேறு மூலையை ஆரிஜினாகக் காட்டினால், அங்கே ஒரு கோஆர்டினேட் சிஸ்டம் உருவாக்கி, மாஸ் பிராப்பர்ட்டீஸ் பெட்டியில் அதைத் தேர்ந்தெடுத்த பிறகே எண்களைப் படியுங்கள்.