சேற்றில் ஒரு சனி ஞாயிறு

பெல்ஜியத்தில் நவம்பர் பிறந்தால் பாதி சைக்கிள்காரர்கள் ரோட்டை மறந்துவிடுவார்கள். கெண்ட் நகரத்துப் பக்கத்தில் ஒரு கிராமம், அமெச்சூர் சைக்ளோகிராஸ் (சேறு, புல், மணலில் ஓட்டும் சைக்கிள் பந்தயம்), சனி ஒன்று ஞாயிறு ஒன்று. மாடு மேயும் புல்வெளியில் நாடா கட்டிப் பாதை போட்டிருந்தார்கள். இரவெல்லாம் மழை.

இந்த விளையாட்டில் பாதி சூட்சுமம் டயர் காற்றில் இருக்கிறது. உலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதிப்படி டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த ஒல்லி டயர் சேற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் காற்றைக் குறைத்தே ஆகவேண்டும். 1.5 பார் காற்றழுத்தத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு 1.3க்கு இறக்கினேன். மர வேரில் ரிம் இடித்தது, இருக்கட்டும், வளைவில் வழுக்கவில்லை.

பாதையில் குறுக்கே வைக்கும் தடுப்புப் பலகைகளை உலக சாம்பியன் பட்டம் பலமுறை வென்ற வான் டெர் போல் சைக்கிளோடு தாண்டுவார். நாம் இறங்கி, தோளில் போட்டு, ஓடி, மறுபடி தாவி ஏறவேண்டியதுதான். அந்தத் தாவலைத்தான் ரொம்ப நாள் பழகினேன் (ஆண்களுக்கு இது கொஞ்சம் ஆபத்தான பயிற்சி!).

சேறு அப்பி சைக்கிள் எருமைக்கன்று கனம் கனத்தது. பெரிய வீரர்களுக்கு பிட்டில் (சைக்கிள் மாற்றிக்கொள்ளும் இடம்) கழுவிய இரண்டாவது சைக்கிள் காத்திருக்கும். சேற்றை வழிக்க எனக்கு விரல்தான் கருவி. மேட்டில் நின்ற பெரியவர் ஒருவர் பீர் கோப்பையை ஆட்டி "அல்லே! அல்லே!" என்று கத்தினார்.

ஞாயிறு சேறு இறுகி இன்னும் மோசம், பசை மாதிரி சக்கரத்தை இழுத்தது. என்னை ஒரு சுற்று முந்திப் போனவருக்கு அறுபது வயது இருக்கும்.

சரி, அடுத்த வாரம் மணல் பாதையாம். செயினை மாற்றவேண்டும்.