பால் கணக்கும் உபுண்டுவும்

பதினோரு வருட வீட்டுக் கணக்கை விண்டோஸிலிருந்து உபுண்டு என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினேன். பழைய மென்பொருளில் ஒவ்வொரு கணக்கையும் க்யூஐஎஃப் கோப்பாக (கணக்கு மென்பொருள்களுக்கிடையே பதிவுகளை மாற்றும் வடிவம்) எடுத்து, க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் ஏற்றினேன். பால் கணக்கில்தான் சிக்கல். மாதாமாதம் 5-ஆம் தேதி பணம் கொடுப்போம். 05/03 என்றால் மார்ச்சா, மேயா? எது நாள், எது மாதம் என்ற குறிப்பே க்யூஐஎஃப்பில் கிடையாது. க்னூகேஷ் கேட்டது, அவசரத்தில் மாதத்தை முன்னால் போட்டுவிட்டேன். மார்ச் பால் காசு மே 3-இல் போய் உட்கார்ந்தது! அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன்.

இப்போது அதே க்னூகேஷ் கோப்பை மனைவியின் மேக்கிலும் திறக்கிறோம். சேமித்த அறிக்கைகள் மட்டும் வேறு இடத்தில் இருக்கும், அவற்றையும் மறக்காமல் நகலெடுங்கள். பாஸ்புக்கோடு பைசா சுத்தமாக ஒத்துப்போனபோது இரவு மணி இரண்டு.