பக்கிங்காம் கால்வாய்க் கரைக்கு வழி கேட்டு நடந்த கதை

எங்கள் ஊரில் பக்கிங்காம் கால்வாயின் பழைய படகுத்துறைக்கு இப்போது யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். பேருந்து நிறுத்தத்தில் அம்புக்குறி போட்ட பலகை நிற்கிறது. கரையில் மண்பாதை இருக்கிறது. துறையின் முகப்பில் அது என்ன இடம் என்று சொல்லும் கல்லும் நட்டாகிவிட்டது. கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் வருவாய்த் துறை, நீர்வளத் துறை, ஊராட்சி, நெடுஞ்சாலை என்று நான்கு வாசல் ஏறி இறங்கிய பிறகே நடந்தது. கால்வாயோரம் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கோவளத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் உள்ள ஒரு ஊராட்சி எங்களுடையது. இதில் வருகிற அலுவலர்கள் பலர் இன்னும் அங்கேயே பணியில் இருப்பதால் ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம். 1806-ல் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு 11 மைல் தூரம் வெட்டியதுதான் தொடக்கம். 1837-ல் அரசு அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பிறகு வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரக் கரை வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர், அதில் 163 தமிழ்நாட்டுக்குள். சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் துண்டை வெட்டியவர்கள் 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் கூலிக்கு வந்த மக்கள். வெட்டி முடித்ததும், அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய்க்கு வைத்துவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

லாரியும் நல்ல ரோடும் வருவதற்கு முன்பு இந்தக் கரைக்கு இதுதான் நெடுஞ்சாலை. உப்பு, நெல், சவுக்கு விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் படகில் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி போட்டுத் தள்ளுவார்கள், அல்லது ஆட்கள் கரையில் நடந்து கயிறு போட்டு இழுப்பார்கள். அந்தக் கரை தண்ணீருக்குப் போட்ட வரப்பு மட்டும் இல்லை, ஆட்கள் நடந்து வேலை செய்த பாதை. கடைசி வரை நாங்கள் எல்லா மனுவிலும் முதல் வரியாக எழுதியது இதைத்தான். 1965, 1966 புயல்களில் கால்வாய் பழுதாகி, சரக்கும் சாலைக்கு மாறிய பின் படகு நின்றது. சீமைக்கருவேலம் கரையை மூடியது. சென்னைக்குள் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 2008-ல் தேசிய நீர்வழி 4 என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பக்கம் படகு திரும்பவில்லை.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீருக்குப் பெயர் இருப்பதே தெரியாது. சுனாமி கதை மட்டும் தெரியும். 2004-ல் கடல் ஏறியபோது வந்த தண்ணீரில் ஒரு பகுதியைக் கால்வாய் வாங்கிக்கொண்டது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். துறையைக் காட்டலாம் என்று ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், கரைமேல் ஒரு தனியார் வேலி. கேட்டில் பூட்டு. காவலுக்கு இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “இது எங்க இடம் டீச்சர், ஓனர் இல்லாம திறக்க முடியாது.”

பலகை வேண்டும் என்று முதலில் கேட்காதீர்கள். வழி இல்லாத இடத்துக்குப் பலகை வைத்தால் வருகிறவர்கள் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், அவ்வளவுதான். முதலில் நிலம் யாருடையது என்று காகிதத்தில் கண்டுபிடியுங்கள்.

அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேடும் (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), புல வரைபடமும் போதும். வரைபடத்தை இணையத்திலேயே எடுக்கலாம். எங்கள் புல எண்ணுக்கு நேராகக் கால்வாய்ப் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. வேலி நின்ற இடம் அந்தப் புலத்துக்குள்தானா என்பதை மட்டும் கண்ணால் சொல்ல முடியாது, நில அளவர் வந்து அளந்தால்தான் செல்லும். அதற்காகத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். மனுவில் வேலிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. “கால்வாய்க் கரையின் எல்லையை அளந்து கல் நட்டுத் தர வேண்டுகிறோம்” என்று மட்டும். யார் மேலும் புகார் சொல்லாத மனு சீக்கிரம் நகரும் என்பது என் அனுபவம்.

நகர்ந்தது, ஆனால் பாதியில் ஒரு அலுவலகத்தில் படுத்துவிட்டது. போய்க் கேட்டால் மேலே அனுப்பிவிட்டோம் என்பார்கள், மேலே போனால் கீழே அனுப்பிவிட்டோம் என்பார்கள். அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் போனேன். வெள்ளைத் தாளில் மனு, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. “ஏன் இன்னும் அளக்கவில்லை?” என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. “இந்த மனு எந்த நாளில் யாரிடம் போனது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும்” என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு. எங்களுக்கு மேல்முறையீடு வரை போக வேண்டிய தேவை வரவில்லை. பதில் வருவதற்குள் நில அளவர் சங்கிலியோடு வந்து நின்றார்.

வேலி கால்வாய்ப் புறம்போக்குக்குள் வந்திருந்தது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் போனதும், உரிமையாளரே ஆள் வைத்துக் கேட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை. பழைய ஆள் ஒருவர் சொன்ன எல்லையை நம்பி வாங்கியிருந்தார் பாவம்.

அடுத்தது கிராம சபை. ஊராட்சியாக இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. கால்வாய் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. கரையைப் பொதுப் பாதையாகப் பராமரிப்பது, முள் வெட்டுவது, பலகை வைப்பது மூன்றையும் ஒரே தீர்மானமாக எழுதாமல் மூன்று தீர்மானமாக எழுதச் சொன்னார் எங்கள் ஊராட்சிச் செயலர். ஒன்று தடைப்பட்டாலும் மற்றது நிற்காமல் போகும் என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. முள் வெட்டும் தீர்மானம்தான் முதலில் உயிர்பெற்றது. நூறு நாள் வேலையில் பெண்கள் இறங்கி வெட்டினார்கள்.

வெட்ட வெட்டத்தான் துறை வெளியே வந்தது. தண்ணீருக்குள் இறங்கும் கருங்கல் படிகள், ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் தூண். கயிறு உரசி உரசித் தூணின் ஒரு பக்கம் விரல் நுழையும் ஆழத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்தக் குழிக்குள் சேறு அடைத்திருந்ததை ஒரு பெண் அரிவாள் நுனியால் சுரண்டி எடுத்தார். வேலைக்கு வந்தவர்களோடு எண்பது வயது தாண்டிய ஆயா ஒருவரும் வந்து உட்கார்ந்திருந்தார். “எங்கப்பா இந்தக் கல்லுலதான் வடத்தக் கட்டுவாரு டீச்சரம்மா. நான் சோத்துத் தூக்கு எடுத்தாந்து மேல் படியில உக்காந்திருப்பேன். உப்பு மூட்டை ஏத்தி முடிச்சாத்தான் அவரு வாய்ல சோறு வைப்பாரு” என்றார். அவர் சொன்னதை அங்கேயே போனில் பதிவு செய்துகொண்டேன். இந்த மாதிரி ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். மனு எழுதுவதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பாருங்கள். ஆயா சொன்ன இடத்தை வைத்துத்தான் படிகள் எவ்வளவு தூரம் மண்ணுக்குள் போகின்றன என்று தோண்டிப் பார்க்கவே முடிந்தது.

பாதை போடும்போது ஒரு சிக்கல். கால்வாயில் கடல் ஏற்ற இறக்கம் தெரியும், ஆகவே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். கான்கிரீட் போட வேண்டுமென்றால் தனி அனுமதி, அதற்குத் தனி நடை. நீர்வளத் துறையின் இளம் பொறியாளர் ஒருவர் கரைக்கு வந்து பார்த்துவிட்டு, கட்டுமானமே வேண்டாம், கிராவல் கொட்டி இறுக்கினால் கரையைப் பராமரித்த கணக்கில் வந்துவிடும் என்றார். நல்ல யோசனை. கரைக்கும் இயற்கையாக இருக்கிறது, மழைத் தண்ணீரும் இறங்குகிறது. சாலையிலிருந்து கரைக்கு ஏறும் இடத்தில் மட்டும் படி வைக்கலாம் என்றார்கள், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் மூன்று சக்கர வண்டியில் போகிற ஒரு அண்ணன் இருக்கிறார், அவரும் துறையைப் பார்க்க வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சரிவு போட்டோம். கரை இரண்டடி உயரம், ஆக இருபத்துநாலு அடிச் சரிவு. முதல் நாள் அந்த அண்ணன் யார் கையும் பிடிக்காமல் ஏறிப் போனார்.

பலகைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் இரும்புப் பலகை உப்புக் காற்றில் சீக்கிரம் உரியத் தொடங்கிவிடும். ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிழியும். பக்கத்தில் மாமல்லபுரம் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று கல்லில் வெட்டினோம். செலவில் ஒரு பங்கை ஊர் மக்கள் போட்டோம், மீதி நமக்கு நாமே திட்டத்தில் வந்தது. கல்லை நிமிர்த்தி உயரத்தில் நடாமல், பிள்ளைகள் நின்றும் வண்டியில் இருப்பவர் உட்கார்ந்தும் படிக்கிற மாதிரி தாழ்வாகச் சாய்த்து வைக்கச் சொன்னோம்.

வாசகம்தான் பெரிய போராட்டம். ஒரு அலுவலகத்திலிருந்து வந்த மாதிரியில் “வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த” என்று தொடங்கி ஒரு நீண்ட வாக்கியம், அதற்குக் கீழே திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்தியவர் என்று கல்லில் முக்கால்வாசி பெயர்கள். பெயர்கள் வேண்டாம் என்று சொன்னால் வேலை நின்றுவிடும். அதனால் பெயர்களுக்கு என்று தனியாக ஒரு சிறிய கல்லை நுழைவில் வைத்துக்கொள்ளலாம், துறைக் கல்லில் துறையைப் பற்றி மட்டும் இருக்கட்டும் என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்தோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் சுருக்கமும் தேவைப்பட்டது. பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினோம். இப்போது கல்லில் இருப்பது இது:

“இது படகுத்துறை. சென்னைக்குப் போன உப்பும் சவுக்கு விறகும் இங்கே ஏறின. காற்று இல்லாத நாளில் ஆட்கள் இந்தக் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தார்கள். தூணில் உள்ள தேய்மானம் அந்தக் கயிறு போட்டது. சென்னையில் இந்தக் கால்வாயின் ஒரு பகுதியை 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்கள் வெட்டினார்கள். தண்ணீர் ஆழம். படியில் பாசி வழுக்கும்.”

பஞ்ச வரி எங்கள் ஊரைப் பற்றியது இல்லையே, அது எதற்கு என்று ஒருவர் கேட்டார். நான் விடவில்லை. ஆளுநரின் பெயர் கால்வாய் முழுக்க இருக்கும்போது, வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரி ஒரு கல்லிலாவது இருக்க வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் வைத்த அம்புக்குறிப் பலகையில் தூரத்தோடு “நடந்தால் 10 நிமிடம்” என்றும் எழுதினோம். வெளியூர்க்காரர்களுக்கு மீட்டர் கணக்கைவிட இது உதவுகிறது. நிறுத்தத்தில் ஒன்று, பாதை பிரியும் இடத்தில் ஒன்று, கரை ஏறும் இடத்தில் ஒன்று. நடுவில் ஒரு திருப்பத்தில் பலகை இல்லையென்றாலும் ஆட்கள் யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்பார்கள். பள்ளிப் பிள்ளைகளையே முன்னால் நடக்கவிட்டு, எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்களோ அங்கே பலகை என்று முடிவு செய்தோம்.

மிச்சம் இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய வழிகாட்டிப் பலகை. சுற்றுலா இடங்களுக்கான பலகை பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் விதி. அந்தப் பலகை கிடைக்க, இடம் முதலில் சுற்றுலா இடம் என்று பதிவாக வேண்டும். “டீச்சர், இது கால்வாய்தானே” என்கிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை சாலை விரிவாக்கம் நடப்பதால், எந்தத் துண்டு யார் பொறுப்பு என்பதையும் விசாரித்துத்தான் மனு கொடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு பலகை கேட்பதைவிட, வேலை நடக்கும்போதே வரைபடத்தில் ஏற்றச் சொல்வது சுலபம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். புல வரைபடம், கிராம சபைத் தீர்மானம், துறையின் படங்கள் மூன்றையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது.

பராமரிப்பை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீமைக்கருவேலம் ஒரு மழைக்கே திரும்ப முளைக்கும், வருஷா வருஷம் வெட்ட யார் பொறுப்பு என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். தெற்கே அடுத்த ஊரிலும் ஒரு துறை புதரில் இருக்கிறது என்கிறார்கள். அந்த ஊர் அ-பதிவேட்டின் நகலுக்கு அங்கிருக்கும் ஒரு தம்பி விண்ணப்பம் போட்டிருக்கிறார். மனு மாதிரி கேட்டார், என்னுடையதை அனுப்பிவிட்டேன்.