பொய் எழுத மறுத்த வக்கீல்

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஊரில் இருக்கும் வீடும் தோட்டமும் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவை. கல்யாணத்தில் போட்ட நகையோடு உங்கள் கணக்கு முடிந்தது என்று அண்ணன் சொல்லிவிட்டார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு உள்ள அதே பங்கு எனக்கும் தங்கைக்கும் உண்டு. பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. பத்திர நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு பெண் வக்கீலிடம் போனோம்.

கூட வந்த சித்தப்பா, "அண்ணன் அடிச்சு விரட்டினான்னு சேர்த்து எழுதுங்க, கேஸ் பலமாகும்" என்றார். வக்கீல் என்னைப் பார்த்து, "அடிச்சாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுத முடியாதும்மா. வழக்குரையில சொன்னதெல்லாம் உண்மைன்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும். குறுக்கு விசாரணையில கூண்டுல நிக்கப்போறதும் நீங்கதான்." ஜெயித்தால் சொத்தில் இத்தனை சதவீதம் தருகிறோம் என்றதையும் ஏற்கவில்லை. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது என்று சொல்லி, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதியே கொடுத்தார்.

வக்கீல் என்றாலே பொய், வாய்தா என்கிறார்கள். வாய்தாவில் நாங்களும் நொந்துபோனோம், அதை மறைக்கவில்லை. ஆனால் பொய்யைக் கொண்டுவந்தது எங்கள் பக்கத்து ஆள்தான், தடுத்தது வக்கீல். நகைக் கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அண்ணனுக்கு எடுத்துச் சொன்னதும் அவருடைய வக்கீல்தான்.

கோர்ட் வராந்தாவில் இரண்டு வக்கீல்களும் நின்று பேசுவதைப் பார்த்து, "விலை போயிட்டாங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். அந்தப் பேச்சில்தான் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும் யோசனை வந்தது. சிவில் நடைமுறைச் சட்டம் 89-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. அங்கே பேசுவது ரகசியம். ஒத்துவராவிட்டால் அதை யாரும் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது. அந்த தைரியத்தில் அண்ணன் மனம்விட்டுப் பேசினார். கடைசியில் வீடு அவருக்கு, தோட்டம் எங்கள் இருவருக்கும் என்று முடிந்து, சமரசத் தீர்ப்பாணை வாங்கினோம்.

அப்புறம் ஒரு விஷயம். இப்படி முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு அது. தரப்பினர் வெளியே தாங்களாகவே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு போட மறக்காதீர்கள்.